மேற்குப் பார்த்த வீடு, கத்திரி வெயில்: என்ன மரம் வைக்கலாம்?

மேற்குவாசல் (காட்பாடி):
அனைவருக்கும் வணக்கம். காட்பாடியைத் தாண்டி ஒரு புதிய மனைப்பிரிவில் வீடு கட்டி, தை மாதம் கிரகப்பிரவேசம் முடித்துக் குடிவந்தோம். மனை 40க்கு 60, மேற்கு வாசல். தையில் வீடு சொர்க்கமாக இருந்தது. இப்போது இரவு எட்டு மணிக்குக் கூடத்துச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்ததுபோல் இருக்கிறது. மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது.

முன்பக்கம் (மேற்கு) 14 அடி இடம் விட்டிருக்கிறோம். பின்பக்கம் 10 அடி, இரு பக்கமும் நான்கு நான்கு அடி. நிழலும் வேண்டும், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டும். எனக்கு நாகலிங்கம் அல்லது குல்மொகர் ஆசை. மனைவி பெங்களூரில் பார்த்த இளஞ்சிவப்பு டபேபூயாவைக் கேட்கிறார். அம்மா வேம்பைத் தவிர எதையும் மரமாகவே மதிப்பதில்லை. வீடு கட்டித் தந்தவர், மதில் ஓரம் வரிசையாகக் கோனோகார்பஸ் வைத்தால் ஒரே வருடத்தில் பச்சைச் சுவர் ஆகிவிடும் என்கிறார். நாற்றங்காலில் கேட்டால் செண்பகம் கொண்டுபோங்கள் என்கிறார்கள். ஐந்து பேர், ஆறு மரம். எதை நடுவது?

விரிஞ்சிபுரம் வயல்காரர்:
அம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. வேம்பு.

பாகாயம் டீச்சர்:
முதலில் வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோனோகார்பஸ் வைக்காதீர்கள். வேகமாக வளர்வது உண்மைதான். வேரும் அதே வேகத்தில் போய்த் தண்ணீர்க் குழாயைத் தேடும். குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்கே தடை போட்டது. பறவைக்கும் பயனில்லை, பூவும் பெயருக்குத்தான்.

குல்மொகர் என் வீட்டிலேயே இருந்தது. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், வைகாசியில் தீப்பிடித்தது போல் பூக்கும், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வேர் மேலாக ஓடும், கிளை முறியும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழையில் மண் ஊறியதும் மரம் அப்படியே சாய்ந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் படுத்தது. தொட்டிக்குப் பணம் கொடுத்தோம். பேச்சுவார்த்தை திரும்ப ஒரு வருடம் ஆனது.

செண்பகம் நம் ஊர் வெயிலுக்குத் தாங்காது. ஏலகிரியில் வீடு இருந்தால் வையுங்கள்.

மேற்குவாசல்:
நன்றி டீச்சர். நாகலிங்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? வீட்டில் ஆகாது என்று உறவினர் ஒருவர் சொன்னார். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சங்கிலிக்கணக்கு:
நம்பிக்கை இல்லாவிட்டால் போகட்டும், காயை நம்புங்கள். பீரங்கிக் குண்டு அளவுக்கு, கெட்டியான ஓட்டோடு, அடிமரத்திலேயே கொத்தாகத் தொங்கும். பழுத்து விழுந்தால் காரின் கண்ணாடி போகும், உடைந்தால் நாற்றம் தெருமுனை வரை வரும். கோயில் வளாகத்துக்கும் கல்லூரித் தோட்டத்துக்கும் உரிய மரம் அது. 14 அடி வாசலுக்கு அல்ல.

இனி நான் சொல்ல வந்தது. நீங்கள் எல்லோரும் மரத்தின் பெயரைப் பேசுகிறீர்கள். நான் முப்பது ஆண்டுகள் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன், எனக்கு முதலில் திசைதான் கண்ணில் படும். எந்த மரம் என்பது இரண்டாவது கேள்வி. எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

வேலூர் ஏறக்குறைய 13 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அதன்பிறகு ஆகஸ்ட் 18 வாக்கில் திரும்பி வரும்வரை, நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. பலரும் தெற்குச் சுவர்தான் வெயில் வாங்கும் என்று நினைத்துத் தெற்கில் மரம் வைக்கிறார்கள். அது மார்கழிச் சூரியனை மறைக்கும். கத்திரியில் தெற்குச் சுவர் நண்பகலில் நிழலில்தான் நிற்கிறது.

உங்களைச் சுடுவது மாலை வெயில். வைகாசி நடுவில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. கிட்டத்தட்ட 20 பாகை வடக்கே தள்ளி மறைகிறது, ஆனியில் இன்னும் கொஞ்சம் வடக்கே. மாலை நான்கு மணிக்கு அது தரையிலிருந்து சுமார் 35 பாகை உயரத்தில் நிற்கும். அந்த நேரத்தில் ஒரு மரத்தின் நிழல் அதன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளும். கணக்கைப் பாருங்கள்: 15 அடி மரம், சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்றால், நான்கு மணிக்கு உங்கள் மேற்குச் சுவரில் எட்டடி உயரம்வரை நிழல். ஜன்னல் முழுவதும் மறைந்துவிடும். ஆக, நீங்கள் 60 அடி மரம் தேட வேண்டியதில்லை. சரியான இடத்தில் 15 அடி மரம் போதும். அந்த இடம் மேற்கும் வடமேற்கும்.

மேற்குவாசல்:
ஐயா, இதைப் படித்ததும் நானே வெளியே போய் நின்று பார்த்தேன். நேற்று மாலை வெயில் நீங்கள் சொன்னபடியே வடமேற்கு ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. ஆனால் ஒரு சிக்கல். கழிவுநீர்த் தொட்டி வாயு மூலையில் இருக்க வேண்டும் என்று வாஸ்து பார்த்து, சரியாக வடமேற்கில்தான் கட்டியிருக்கிறோம். தவிர, தெருவில் மின்கம்பி எங்கள் மதிலிலிருந்து மூன்றடிதான் தள்ளிப் போகிறது.

சங்கிலிக்கணக்கு:
வாஸ்து பார்த்தவர் சூரியனையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். சரி, கட்டியாயிற்று.

ஆம்பூர் அக்கரை:
தொட்டிப் பக்கம் மரமே வேண்டாம். குறிப்பாக அரசு, ஆல், அத்தி எதுவும் கூடாது. விரிசலில் மயிரிழை அளவு ஈரம் கசிந்தாலும் வேர் மோப்பம் பிடித்து நுழையும். என் அனுபவத்தில் தொட்டியிலிருந்து 12 முதல் 15 அடி தள்ளி வைத்தால் சிறிய மரங்களால் தொல்லை இல்லை.

இன்னொன்று, உங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் எப்படி? எங்கள் பக்கம் உப்பு அதிகம். நட்ட மரத்தில் பாதி இலை ஓரம் கருகியே போயிற்று. புங்கும் பூவரசும் வேம்பும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் வளர்ந்தன. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி கழித்து வெளியேற்றும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று செடிக்கு ஊற்றுபவர்கள் கவனியுங்கள், உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம்.

மேற்குவாசல்:
தண்ணீர் கொஞ்சம் கடினம்தான், குடத்தில் வெள்ளை படிகிறது. டபேபூயா சரிவருமா? வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பாகாயம் டீச்சர்:
வளரும். ஆனால் கோடையில் இலையைக் கொட்டிவிட்டுத்தான் பூக்கும். உங்களுக்கு நிழல் வேண்டிய நேரத்தில் குச்சியாக நிற்கும். சரக்கொன்றையும் அப்படித்தான். சித்திரை, வைகாசியில் மஞ்சள் சரம் சரமாகத் தொங்கும்போது இலை பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் நான் கொன்றையை விட்டுத்தர மாட்டேன். அதில் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும், புழு வந்து இலையைத் தின்னும், பயந்து மருந்து அடிக்காதீர்கள். ஒரு மாதத்தில் அத்தனையும் பறக்கும். நிழலுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு மரம் வையுங்கள். கண்ணுக்கு உரியது கிழக்கில் இருக்கட்டும்.

சங்கிலிக்கணக்கு:
டீச்சர் நல்ல இடத்தைத் தொட்டார். கத்திரியில் இலையோடு நிற்பது யார் என்பதுதான் என் இரண்டாவது கேள்வி. அதை நாற்றங்காலில் தெரிந்துகொள்ள முடியாது. பகல் மூன்று மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு காட்பாடியிலிருந்து வேலூர் வரை ஒருமுறை போய்வாருங்கள். கூழ் விற்பவர் எந்த மரத்தடியில் பானையை இறக்கியிருக்கிறார், ஆட்டோக்கள் எங்கே நிற்கின்றன, நாய் எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள். அவர்களுக்கு யாரும் பரிந்துரை செய்யவில்லை.

விரிஞ்சிபுரம் வயல்காரர்:
வேம்பின் கீழேதான் நிற்பார்கள். இதைத்தானே முதலிலேயே சொன்னேன்.

மேற்குவாசல்:
போய்வந்தேன். கூழ்க்காரர்கள் மூன்று பேர். இருவர் புங்க மரத்தடியில், ஒருவர் தூங்குமூஞ்சியில். ஆட்டோக்கள் வேம்பில். நாய் ஒரு லாரிக்கு அடியில்.

ஆரணி நெசவு:
லாரி நட்டுவிடுங்கள்.

இது விளையாட்டு. உண்மையாகவே ஒன்று சொல்கிறேன். ஆர் என்றால் ஆத்தி, ஆத்திக் காடுதான் ஆர்க்காடு ஆனது என்று சொல்பவர்கள் உண்டு. வேலமரத்தால் வேலூர் என்பதுபோல. நம் மண்ணுக்குப் பெயர் தந்த மரத்தை ஏன் யாரும் வீட்டில் வைப்பதில்லை? சிறிய மரம், வறட்சி தாங்கும், சோழனுக்கு மாலையான பூ.

பாகாயம் டீச்சர்:
வைக்கலாம், கிடைத்தால். நான் ஒரு நாற்றங்காலில் ஆத்தி கேட்டேன், அத்திப்பழமா என்றார்கள். மந்தாரை நாற்று எளிதாகக் கிடைக்கும், அதன் தங்கைதான். இரட்டைக் குளம்பு போன்ற அதே இலை.

புதுப்பாடி (ஆற்காடு):
எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சந்தனம் வையுங்கள். ஜவ்வாது மலை பக்கத்திலேயே இருக்கிறது, நம் மண்ணுக்கு வரும். பதினைந்து, இருபது ஆண்டில் பிள்ளையின் படிப்புச் செலவு தீர்ந்தது.

சங்கிலிக்கணக்கு:
சந்தனம் பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழ்வது. துணை மரம் இல்லாமல் தேறாது. நிழலும் சுமார்தான். வெட்டுவதற்கு வனத்துறையிடம் போக வேண்டும். அதற்கு முன் இரவில் வேறு யாராவது வெட்டிக்கொண்டு போகாமல் இருக்க நீங்கள் வாசலிலேயே கட்டில் போட்டுப் படுக்க வேண்டும். நிழலுக்காகத் தொடங்கிய பேச்சு காவலுக்குப் போய்விடும்.

ஆம்பூர் அக்கரை:
என் ஓட்டு புங்குக்கு. மாசியில் இலை உதிர்ந்தாலும் சில வாரங்களில் தளதளவென்று புதுத்துளிர் வந்துவிடும். கத்திரிக்கு முன்னே குடை தயார். பூ உதிர்ந்தால் வாசலில் பொரி கொட்டியதுபோல் இருக்கும். அதன் அடியில் மட்டும் காற்று வேறு மாதிரி வரும், எங்கள் பாட்டி வெயிலில் நடந்து வருபவர்களை அங்கேதான் உட்காரவைத்து மோர் கொடுப்பார்.

பாகாயம் டீச்சர்:
புங்கு அருமைதான், ஆனால் அவர் இடத்தில் மின்கம்பி இருக்கிறதே. புங்கு இரு பக்கமும் பத்துப் பதினைந்து அடி விரியும். எங்கள் தெருவில் கம்பிக்காக வெட்ட வந்தவர்கள் ஒரு புங்கின் பாதியை மட்டும் வெட்டிவிட்டுப் போனார்கள். பத்தாண்டாக அது தலை வாரிய பிள்ளை போல் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது. வேம்புக்கும் அதே கதி. வேம்புக்கு இப்போது வேறொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. சில ஆண்டுகளாக மழைக்காலம் முடிகையில் கொழுந்தெல்லாம் நெருப்பில் வாட்டியதுபோல் கருகுகிறது. தேயிலைக் கொசுப் பூச்சியும் பூஞ்சாணமும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பாலும் கோடையில் துளிர்த்துவிடுகிறது, மரம் செத்துவிட்டதென்று அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள்.

என் யோசனை மகிழம். ஆண்டு முழுவதும் இலை. தலை தானாகவே உருண்டையாக வரும், கவாத்து செய்தாலும் கோபித்துக்கொள்ளாது. வேர் அடக்கம். பூ சிறியது, நட்சத்திரம் போல, காய்ந்தபின்னும் மணக்கும். பீரோவில் புடவைக்கு நடுவே போட்டுவைப்பேன். ஒரே குறை, மிகவும் மெதுவாக வளரும்.

மேற்குவாசல்:
மெதுவாக என்றால்?

பாகாயம் டீச்சர்:
15 அடிக்கு எட்டு, பத்து ஆண்டுகூட ஆகலாம். பொய் சொல்லி உங்களை நட வைக்க எனக்கு விருப்பமில்லை.

மேற்குவாசல்:
பத்துக் கோடை! என் மனைவி இந்த வாரமே ஏசி வாங்கலாம் என்கிறார்.

நாற்றுப்பை:
ஒரு தனியார் நாற்றங்காலில் வேலை பார்க்கிறேன், இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பத்துக் கோடைக்கு வழி இருக்கிறது அண்ணா. வடமேற்கு ஜன்னலுக்கு எதிரே, தொட்டியை ஒட்டி, இரும்புக் குழாயில் ஒரு பந்தல் சட்டம் நட்டு ரங்கூன் மல்லி ஏற்றிவிடுங்கள். கொடியாதலால் மரம்போல் தொட்டியை மிரட்டாது. நம் வெயிலில் இரண்டே ஆண்டில் அடர்ந்துவிடும். மாலையில் வெள்ளையாகப் பூத்து, மறுநாள் இளஞ்சிவப்பாகி, பிறகு சிவக்கும். அண்ணியார் கேட்ட இளஞ்சிவப்பும் கிடைத்ததாயிற்று. மகிழம் பின்னால் மெதுவாக வரட்டும்.

நாற்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாங்களே சொல்லக் கூடாது, ஆனால் சின்னப் பையில் ஆறடி உயரம் நிற்கும் செடி பெரும்பாலும் பையில் பல காலம் கிடந்தது. வேர் பைக்குள்ளேயே பாம்புபோல் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் மண்ணிலும் சுருண்டேதான் வளரும், ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு காற்றில் வேரோடு சாயும். மூன்றடிச் செடி, தண்டு விரல் தடிமன், அதுதான் நல்ல நாற்று. பையைக் கிழித்ததும் வெளிச்சுற்று வேரைக் கத்தியால் நான்கு இடத்தில் கீறிவிடுங்கள்.

குழி மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. இப்போதே வெட்டிக் காயப்போடுங்கள். நடுவது ஆடி கடைசியில் அல்லது ஆவணியில். நம் பக்கம் அப்போதே மாலை இடிமழை தொடங்கிவிடும், ஐப்பசி மழையும் பின்னால் வரும், செடிக்கு இரண்டு மழையும் கிடைக்கும். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும். வாரம் இரண்டு முறை, இரண்டு குடம், நிதானமாக. அடியில் காய்ந்த சருகு, கரும்புச் சக்கை எதுவானாலும் மூடாக்கு போடுங்கள், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் போட்டால் கரையான் வரும்.

விரிஞ்சிபுரம் வயல்காரர்:
தம்பி விவரமான பிள்ளை. குழியில் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள். கடைசியில் வேம்பு இல்லாமல் முடிந்ததா பாருங்கள்.

மேற்குவாசல்:
(ஆவணி) இந்தப் பழைய உரையாடல் இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். குழி வெட்டும்போது இரண்டடிக்குக் கீழே சரளை, அதற்கும் கீழே பாறை. கடப்பாறையோடு இரண்டு ஆள் ஒன்றரை நாள் வேலை செய்தார்கள். மகிழம் மேற்கில், சுவரிலிருந்து பத்தடி, தொட்டியிலிருந்து 15 அடி. வடமேற்கில் பந்தல் போட்டு ரங்கூன் மல்லி. கிழக்கே டீச்சரின் கொன்றை, மதிலை ஒட்டாமல்.

அம்மா இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட காலி இடத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு வேம்பு நட்டு, முள்வேலி கட்டி, தினமும் மாலை குடத்தோடு போய்வருகிறார். மேற்கு ஓரம் என்று நான் சொல்லவில்லை. அவரே நின்று, கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு நட்ட இடம்.

சங்கிலிக்கணக்கு:
அம்மாவை நிலஅளவைக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

மேற்குவாசல்:
(மறு வருடம், வைகாசி) யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்கிறேன். மகிழம் இடுப்பளவு. கடந்த மாதம் 24-ஆம் தேதி மகளோடு மொட்டைமாடியில் ஒரு குச்சி நட்டுப் பார்த்தோம். பகல் 12 மணி 12 நிமிடத்துக்கு நிழல் அடியோடு மறைந்தது. அவள் பள்ளியில் போய்ச் சொல்லியிருக்கிறாள், யாரும் நம்பவில்லையாம். ரங்கூன் மல்லி ஜன்னலை முக்கால்வாசி மூடிவிட்டது. அந்த அறைச் சுவர் மட்டும் மாலையில் கை வைக்கும்படி இருக்கிறது. கூடத்துச் சுவர் இன்னும் தோசைக்கல்தான். ஏசி வாங்கிவிட்டோம், அதன் சொட்டுத் தண்ணீர் மகிழத்துக்குப் போகிறது.

அம்மாவின் வேம்பை மாசியில் ஆடு தின்றுவிட்டது. மறுபடி அடியிலிருந்து துளிர்த்து, இப்போது மகிழத்தைவிட உயரம். அதை அம்மா தினமும் ஒருமுறை சொல்லிக்காட்டுகிறார்.

குடியாத்தம் புதுவீடு:
இழை முழுவதும் படிக்கவில்லை, மன்னிக்கவும். மதில் ஓரம் மாமரம் வைக்கலாமா?

சங்கிலிக்கணக்கு:
எந்தத் திசை மதில்?